சியோலில் அரண்மனையும் வேண்டும், கைப்பையும் வேண்டும்: நாள்களை எப்படிப் பிரிப்பது?

மயூர்விகார் மாடிவீட்டுக்காரர் (கேள்வி)

அன்பர்களுக்கு வணக்கம். தீபாவளி முடிந்து தில்லியில் புகை சூழத் தொடங்கும் நாள்களில், குடும்பத்துடன் தென்கொரியத் தலைநகர் சியோலுக்கு ஒரு வாரம் சென்றுவர எண்ணியிருக்கிறோம். தில்லியிலிருந்து சியோலுக்கான இன்ச்சோன் விமான நிலையத்துக்கு நேரடி விமானம் இருப்பதால் பயணத்தைப் பற்றிக் கவலை இல்லை. கவலையெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான்.

என் தந்தையார் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தில்லிக்கு எங்களுடன் வந்து தங்கிய பிறகு துக்ளகாபாத், புராணா கிலா, மெஹ்ரோலி என்று ஒன்று விடாமல் பார்த்து முடித்துவிட்டார். சியோல் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை அரண்மனைகள் மிஞ்சியிருக்கின்றன?" என்பதுதான். என் மனைவியோ, எங்கள் இருபத்தைந்தாம் திருமண நாளுக்காகப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த தொகையில் பெயர்பெற்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கைப்பை ஒன்றை வாங்க விரும்புகிறார். வசந்த் குஞ்ச் எம்போரியோ வணிக வளாகத்தில் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர், கொரியாவில் வரி திரும்பக் கிடைக்கும் என்பதால் அங்கேயே வாங்கலாம் என்கிறார்.

பயண முகவர் இரண்டு நாள் வழிகாட்டியுடன் அரண்மனைகள், இரண்டு நாள் கடைகள் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார். அப்படியானால் கடை நாள்களில் தந்தையார் விடுதி அறையில் இருக்க வேண்டும். அரண்மனை நாள்களில் மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வழி உண்டா? கைப்பையை அங்கே வாங்குவதில் உண்மையிலேயே ஆதாயம் இருக்கிறதா? தந்தையாருக்கு எழுபதைக் கடந்த வயது; நடப்பார், ஆனால் படிகள் அதிகம் கூடாது.

வசந்த்குஞ்ச் வாசகன்

வணக்கம் ஐயா. அலுவல் நிமித்தமாகச் சில காலம் சியோலில் குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பயண முகவர் கொடுத்த பிரிவினையை முதலில் கைவிடுங்கள். அந்த ஊரை அரண்மனை, கடை என்று பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டுமானால் ஹான் ஆற்றை வைத்துப் பிரியுங்கள். கொரியாவை ஆண்ட ஜோசன் அரசமரபு 1394இல் தலைநகரை இங்கே மாற்றியபோது எழுந்த பழைய நகரம் வடகரையில் இருக்கிறது; ஐந்து அரண்மனைகளும் அங்கேதான். தென்கரையில் உள்ள கங்நாம் 1970களுக்குப் பிறகு வயல்வெளிகளை அழித்து எழுப்பப்பட்டது. இரு கரைகளிலும் விலையுயர்ந்த கடைகள் உண்டு, வரலாறும் உண்டு. ஆற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து போக்குவரத்தில் நேரத்தைக் கரைக்காமல், ஒரு நாளில் ஒரு கரை என்று வைத்துக்கொண்டால் போதும்.

வடகரைக்கு ஒரு நாளை மட்டும் விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் இருவர் விருப்பத்துக்கும் ஒருசேரப் பொருந்துவது அதுதான். நகர மண்டபத்துக்கு எதிரே உள்ள தொக்சுகுங் அரண்மனையில் தொடங்குங்கள். 1895இல் கியோங்போக்குங் அரண்மனைக்குள்ளேயே அரசி ஜப்பானியரால் கொல்லப்பட்டார். மறு ஆண்டு மன்னர் கோஜோங் ருஷ்யத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்தார். 1897இல் அங்கிருந்து அவர் வந்து சேர்ந்த இடம் இந்தத் தொக்சுகுங். மர மண்டபங்களுக்கு நடுவே கிரேக்கத் தூண்களுடன் ஒரு கல் மாளிகை நிற்கும். கொரியாவை நவீன நாடாகக் காட்ட விரும்பி அவர் கட்டத் தொடங்கிய அந்த மாளிகை 1910இல் முடிந்தது. நாடு ஜப்பானுடன் இணைக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். உங்கள் தந்தையார் அங்கே வெகுநேரம் நின்றுவிடுவார், அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.

அங்கிருந்து சில நிமிட நடையில், லோட்டே பேரங்காடிக்கு அருகிலேயே, ஒரு பெரிய விடுதியின் பின்புறத் தோட்டத்தில் மூன்றடுக்குக் கூரையுடன் எண்கோண வடிவிலான மண்டபம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஹ்வாங்குங்கு. கோஜோங் 1897இல் தம்மைப் பேரரசராக அறிவித்துக்கொண்டு விண்ணுக்கு வழிபாடு செய்த பலிபீடம் இந்த இடத்தில்தான் இருந்தது. ஜப்பானிய ஆட்சி 1913இல் பீடத்தை இடித்துவிட்டு, மறு ஆண்டே அங்கே ஒரு விடுதியைக் கட்டியது. 1899இல் எழுந்த இந்த மண்டபம் மட்டும் தப்பியது. கடைத்தெருவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் இதைக் கவனிப்பதே இல்லை. நுழைவுக் கட்டணமும் கிடையாது. உங்கள் மனைவியார் லோட்டேயில் கைப்பைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் தந்தையார் இங்கே அமர்ந்திருக்கலாம்.

இன்னும் சற்றுத் தெற்கே நடந்தால் ஷின்செகே பேரங்காடியின் தலைமைக் கடை. அதன் பழைய கட்டடம் 1930இல் மிட்சுகோஷி என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கிளையாகத் திறக்கப்பட்டது. அதை ஒட்டி 1935இல் கட்டப்பட்ட ஒரு சேமிப்பு வங்கிக் கட்டடத்தைச் செப்பனிட்டு, 2025இல் 'தி ஹெரிடேஜ்' என்ற பெயரில் திறந்திருக்கிறார்கள். ஷனேல் கடை அதற்குள்ளே இருக்கிறது, மேல்தளத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகமும் உண்டு. எதிரே 1912இல் முடிந்த கொரிய வங்கிக் கட்டடம். அது இப்போது பண அருங்காட்சியகம். இந்த ஒரு நாற்சந்தியில் நின்றால் குடியேற்ற ஆட்சிக் காலத்தின் நிதியும் வணிகமும் எங்கே குவிந்திருந்தன என்பது கண்ணெதிரே தெரியும். கன்னாட் பிளேஸின் தூண்வரிசைகளுக்கு நடுவே கடை பார்த்துப் பழகிய நமக்கு இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

தொக்சுகுங் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். பகலில் கடைகள், மாலையில் அரண்மனை என்று மாற்றி அமைத்தாலும் தவறில்லை.

கோல்மார்க்கெட் கணக்கர்

முன்னவர் எழுதியதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் கேள்வியின் இரண்டாம் பகுதியை அவர் தொடவே இல்லை. கணக்குப் பார்க்கும் தொழிலில் இருப்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

கொரியாவில் விற்கும் பொருள்களின் விலையில் 10 சதவீத மதிப்புக்கூட்டு வரி அடங்கியிருக்கிறது. வெளிநாட்டுப் பயணி ஒரே கடையில் குறைந்தது 15,000 வொன்னுக்கு (வொன் என்பது கொரிய நாணயம்) வாங்கி, மூன்று மாதத்துக்குள் பொருளுடன் நாட்டைவிட்டு வெளியேறினால் அந்த வரியைத் திரும்பப் பெறலாம். விலையில் உள்ளடங்கிய வரி என்பதால் பதினொன்றில் ஒரு பங்குதான் மொத்த வரி. அதிலும் பணத்தைத் திருப்பித் தரும் நிறுவனம் தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும். ஆகவே கைக்கு வருவது முழுப் பத்து சதவீதம் அல்ல, அதைவிடக் கணிசமாகக் குறைவு. ஒரு முறை வாங்கும் தொகை பத்து லட்சம் வொன்னுக்குக் குறைவாக இருந்தால், கடவுச்சீட்டைக் காட்டியதும் கடையிலேயே கழித்துத் தரும் ஏற்பாடு உண்டு. நீங்கள் குறிப்பிடும் நிறுவனத்தின் கைப்பை எதுவும் அந்த வரம்புக்குள் அடங்காது. எனவே பற்றுச்சீட்டுடன் விமான நிலையத்தில் சுங்க ஒப்புதல் பெற வேண்டும். பையைப் பெட்டிக்குள் பூட்டி அனுப்பிவிடாமல், அதிகாரி கேட்டால் எடுத்துக் காட்டும்படி வைத்திருங்கள்.

மேலும், கொரியா மலிவான சந்தை அன்று. மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022இல் ஆடம்பரப் பொருள்களுக்காகத் தலைக்கு 325 டாலர் செலவிட்டுக் கொரியர்கள் உலகிலேயே முதலிடத்தில் இருந்தார்கள். வாங்குவதற்கு ஆள் இருக்கும் ஊரில் விலையைக் குறைப்பதற்கு எந்த நிறுவனத்துக்கும் காரணம் இல்லை. இருபது லட்சம் வொன் மதிப்பைத் தாண்டும் கைப்பைகளுக்கு, தாண்டிய பகுதியின்மீது 20 சதவீதத் தனி நுகர்வு வரியும் அங்கே உண்டு. டியூட்டி ஃப்ரீ கடைகளில் இந்த வரிகள் இராது; ஆனால் பெரிய நிறுவனங்கள் எல்லா வகைப் பைகளையும் அங்கே வைப்பதில்லை, வாங்கிய பையும் விமான நிலையத்தில் புறப்படும்போதுதான் கைக்கு வரும். சில நிறுவனங்களின் கடைகளுக்குள் நுழையவே காலையில் கதவு திறக்கும் முன் வரிசையில் நிற்கும் பழக்கம் அங்கே உருவாகியிருக்கிறது. 'ஓப்பன் ரன்' என்றே அதற்குப் பெயர்.

இனி நம் பக்கம். இந்திரா காந்தி விமான நிலையத்தில் இறங்கும்போது, ஒரு பயணி வரியின்றிக் கொண்டுவரக்கூடிய மதிப்பு 2016ஆம் ஆண்டு விதிகளில் 50,000 ரூபாயாக வைக்கப்பட்டது. இத்தகைய வரம்புகள் திருத்தப்படுவது வழக்கம் என்பதால், புறப்படும் வாரத்தில் சுங்கத்துறையின் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சில லட்ச ரூபாய் பெறும் பைக்கு அந்த வரம்பு சற்று முன்னே பின்னே இருப்பதால் பெரிய வேறுபாடு வராது. கணவன், மனைவி, மாமனார் மூவருடைய சலுகையையும் கூட்டி ஒரே பைக்குக் காட்டவும் விதி இடம் கொடுப்பதில்லை. வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு மேல்வரியும் சேர்த்து 38.5 சதவீதம் என்பதே நெடுங்காலம் நடைமுறையில் இருந்த விகிதம். விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுப் பழைய பை என்று சொல்லித் தப்பலாம் என அறிவுரை கூறும் நண்பர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவர்கள் யாரும் சுங்கச் சோதனைக்கான சிவப்பு வழியில் உங்களுடன் வந்து நிற்கப் போவதில்லை.

ஆக, எம்போரியோ விலையோடு ஒப்பிட வேண்டுமானால் சியோல் விலையிலிருந்து திரும்பும் வரியைக் கழித்து, இந்தியச் சுங்க வரியையும் அட்டை நிறுவனம் எடுக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் கூட்டுங்கள். கடையில் அட்டையைத் தேய்க்கும்போது "ரூபாயில் எடுக்கவா?" என்று கேட்டால் வேண்டாம், வொன்னிலேயே எடுங்கள் என்று சொல்லுங்கள். இவ்வளவுக்கும் பிறகு ஆதாயம் என்று ஏதேனும் மிஞ்சினால் வாங்குங்கள். மிஞ்சாது என்பது என் கணிப்பு. திருமண நாளின் நினைவுக்காக அந்த ஊரில் வாங்க வேண்டும் என்பதுதான் விருப்பமானால் அது வேறு. அதற்குக் கணக்கர் தேவையில்லை.

கரோல்பாக் அத்தை

மேலே இருவரும் நன்றாக எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு அரண்மனைதான் முழுமையாகப் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லையே, அதை நான் சொல்கிறேன். சாங்தோக்குங் பாருங்கள். எல்லோரும் கியோங்போக்குங்கிற்குத்தான் ஓடுவார்கள். படம் எடுப்பதற்கு அது அழகான இடம்தான். ஆனால் 1395இல் கட்டிய அந்த அரண்மனை 1592 ஜப்பானியப் படையெடுப்பில் அழிந்து, 1867இல் மீண்டும் கட்டப்பட்டு, ஜப்பானிய ஆட்சியில் பெரும்பகுதி மறுபடி இடிக்கப்பட்டது. 1926இல் அதன் முகப்பை மறைத்தாற்போல ஜப்பானியத் தலைமை ஆளுநர் மாளிகையை எழுப்பினார்கள். கொரியர்கள் 1995இல் அதை இடிக்கத் தொடங்கி அப்புறப்படுத்தினார்கள். இப்போது நிற்பவற்றில் பல அண்மையில் திரும்பக் கட்டியவை. 1857க்குப் பிறகு செங்கோட்டைக்குள் ஆங்கிலேயர் அரண்மனைப் பகுதிகளை இடித்துவிட்டுப் படைவீடுகளைக் கட்டியதை அறிந்த உங்கள் தந்தையாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சாங்தோக்குங் 1405இல் தொடங்கியது. 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மேடு பள்ளத்தைச் சமன்படுத்தாமல் மலைச்சரிவின் போக்கிலேயே கட்டியிருப்பதால், ஒரே பார்வையில் முழுதும் தெரியாது. ஒவ்வொரு வாயிலாகக் கடக்கும்போதுதான் அடுத்தது தெரியும். அதன் பின்புறத்தில் ஹூவொன் என்னும் தோட்டம் இருக்கிறது. இலைகள் சிவக்கும் நவம்பர் தொடக்கத்தில் அதன் குளக்கரையில் நிற்பதற்காகவே மக்கள் வருகிறார்கள். தோட்டத்துக்குத் தனிச் சீட்டு வேண்டும். நுழைவோர் எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது, ஆகவே சில நாள் முன்பே இணையத்தில் பதிவு செய்துவிடுங்கள். தந்தையாருக்கு ஒன்று: தோட்டத்தில் ஏற்ற இறக்கம் உண்டு. அவர் சோர்வாக இருந்தால் தோட்டத்தை விட்டுவிட்டு நக்சொன்ஜே என்னும் வண்ணம் பூசாத மர வீட்டுப் பகுதியைப் பார்க்கட்டும். முடியிழந்த அரச குடும்பத்தின் கடைசிப் பெண்கள் 1989 வரை அங்கேதான் வாழ்ந்தார்கள்.

கிழமை பார்த்துத் திட்டமிடுங்கள். சாங்தோக்குங்கும் தொக்சுகுங்கும் திங்கட்கிழமை மூடியிருக்கும், கியோங்போக்குங் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். பேரங்காடிகளும் பெரும்பாலும் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை விடுமுறை விடுகின்றன. அருகிலுள்ள புக்சோன் பழைய வீட்டுத் தெருக்களுக்குப் போவதானால், மக்கள் குடியிருக்கும் முக்கியப் பகுதிக்குள் காலை பத்து மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பின்பும் சுற்றுலாப் பயணிகள் நுழையக் கூடாது. மீறினால் ஒரு லட்சம் வொன் அபராதம் உண்டு. அங்கே குடியிருப்பவர்கள் பாவம், வாசற்படியில் ஆள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

மயூர்விகார் மாடிவீட்டுக்காரர்

மூவருக்கும் மிக்க நன்றி. கணக்கர் ஐயாவின் பதிலை மனைவியிடம் படித்துக் காட்டினேன். பதில் ஏதும் சொல்லவில்லை. ஆனால் தாளை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கியிருக்கிறார். அத்தை சொன்னபடி திங்கட்கிழமையைத் தென்கரைக்கு ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன். சோங்தாம் தெருவில் உள்ள தனிக் கடைகளைப் பார்க்க வேண்டும் என்பது மனைவியின் விருப்பம். அன்று தந்தையாருக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

வசந்த்குஞ்ச் வாசகன்

வழக்கமாகச் சொன்ஜோங்னுங் அரச கல்லறைகளைச் சொல்வேன். கங்நாமின் அலுவலகக் கோபுரங்களுக்கு நடுவே, புல் போர்த்திய மூன்று மண்மேடுகள் சோங்ஜோங் மன்னருக்கும் அவர் அரசிக்கும் மகன் ஜுங்ஜோங்கிற்கும் உரியவை. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற நாற்பது ஜோசன் அரச கல்லறைகளில் அடங்கியவை. ஆனால் அதுவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஆகவே தென்கரையைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றுங்கள். கியோங்போக்குங் மூடியிருக்கும் நாளும் அதுதான், இழப்பு ஏதும் இல்லை. திங்களன்று வடகரையில் கியோங்போக்குங் பாருங்கள். காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் நடக்கும் காவலர் மாற்றத்தில் காலையதைப் பிடித்தால் கூட்டம் சேரும் முன் உள்ளே போய்விடலாம்.

கல்லறைகளிலிருந்து சிறிது தொலைவில் போங்உன்சா என்னும் பௌத்த மடம் இருக்கிறது. 794இல் தோன்றிய மடத்தை, சோங்ஜோங் மன்னரின் கல்லறையைக் காக்கும் மடமாக அவர் அரசி 1498இல் புதுப்பித்தார். கல்லறையையும் மடத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் இரண்டுக்கும் உள்ள உறவு புரியும். மடத்தின் எதிரே கோயெக்ஸ் வணிக வளாகம்; உட்கார்ந்து இளைப்பாற இடமும் உண்டு, உணவும் உண்டு. அங்கிருந்து சோங்தாம் தெருவுக்கு டாக்ஸியில் சிறிது நேரம்தான்.

சோங்தாமில் லூயி வுய்த்தோன் கடையை மட்டும் தந்தையாரும் வெளியிலிருந்தாவது பார்க்கட்டும். ஃப்ராங்க் கேரி வடிவமைத்து 2019இல் திறந்த கட்டடம் அது. சுவோன் நகரின் ஹ்வாசோங் கோட்டையையும் தோங்நே கொக்கு நடனத்தையும் மனத்தில் கொண்டு வளைந்த கண்ணாடிக் கூரையை அமைத்ததாக அறிவித்தார்கள். அசல் கோட்டையையே பார்க்க விரும்பினால் சுவோன் சியோலுக்குத் தெற்கே நகர ரயிலில் போய்வரும் தொலைவில்தான் இருக்கிறது. ஜோங்ஜோ மன்னர் 1794 முதல் 1796 வரை கட்டிய கோட்டை. மதில்மேல் முழுவதும் நடக்க வேண்டியதில்லை, கீழேயுள்ள வாயில்களே போதும்.

லோதி காலனி நெசவுப்பிரியை

கைப்பைக் கணக்கு ஒத்துவராவிட்டால் அந்தப் பணத்தில் வேறு என்ன வாங்கலாம் என்று யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். பிரெஞ்சு நிறுவனத்தின் பை தில்லியிலும் கிடைக்கும், துபாயிலும் கிடைக்கும். முத்துச்சிப்பி பதித்த கொரிய அரக்குப் பேழை அந்த ஊரில்தான் கிடைக்கும். சிப்பியைத் தாள்போல் மெல்லியதாக இழைத்து, வடிவங்களாக வெட்டி ஒட்டி, அரக்கைப் பல முறை பூசி மெருகேற்றுகிறார்கள். நல்ல வேலைப்பாட்டின் விலை ஒரு கைப்பையின் விலைக்குச் சளைத்ததன்று. வாங்கும் முன் ஆங்குக் நிலையத்தருகே 2021இல் திறந்த சியோல் கைவினைக் கலை அருங்காட்சியகத்தில் பழைய பொருள்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள், அனுமதி இலவசம். அதன்பிறகு இன்சாதோங் தெருவுக்குப் போனால், பிளாஸ்டிக் ஒட்டிய பெட்டியையும் உண்மையான சிப்பியையும் நீங்களே பிரித்தறிவீர்கள்.

பட்டில் நாட்டம் உள்ளவர் என்றால் 1905இல் தோன்றிய குவாங்ஜாங் சந்தையின் மேல்தளத்துக்கு உங்கள் மனைவியாரை அழைத்துச் செல்லுங்கள். கீழே உணவுக் கடைகளில் எள் விழ இடமிருக்காது. மேலே ஹன்போக் என்னும் கொரியப் பாரம்பரிய ஆடைக்கான துணிக் கடைகள் வரிசையாக இருக்கும், கூட்டமும் குறைவு. காஞ்சிப் பட்டைத் தொட்டுப் பழகிய கைக்கு அந்தத் துணி விறைப்பாகவும் எடையற்றதாகவும் தோன்றும். உடலை ஒட்டாமல் காற்றோடு நிற்பதற்காகவே அப்படி நெய்கிறார்கள்.

அங்கிருந்து தோங்தேமுன் பக்கம்தான். சாஹா ஹதித் வடிவமைத்து 2014இல் திறந்த அந்தப் பெரிய வெள்ளிக் கட்டடத்துக்காகப் பழைய விளையாட்டரங்கை இடித்தபோது, மண்ணுக்கடியில் ஜோசன் காலத்து நகர மதிலும் நீர் வெளியேறும் இரட்டை வளைவு மதகும் வெளிப்பட்டன. அவற்றை மூடிவிடாமல் கட்டடத்தின் பக்கத்திலேயே திறந்தவெளியில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கலாம், படிகள் குறைவு. சுற்றியுள்ள துணி வணிக மாடங்களில் சில விடியற்காலை வரை திறந்திருக்கும் என்பதால், இந்தப் பகுதியை இரவு உணவுக்குப் பிறகு வைத்துக்கொண்டால் பகல் நேரம் முழுவதும் அரண்மனைகளுக்கு மிஞ்சும்.